தனி மீட்டர்

காலை வெயில் மீட்டர் பெட்டியின் கண்ணாடியில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. சுகிர்தா குடியிருக்கும் வாடகை வீட்டின் சமையலறை ஜன்னலிலிருந்து அவளுடைய மின்சார ஆட்டோவுக்கு ஒரு வயர் தொங்குகிறது. மின்துறையிலிருந்து வந்திருக்கும் சிவராமன் அதைத் தொட்டுப் பார்க்கிறார். சூட்டில் மேலுறை இளகிப் பிசுபிசுக்கிறது.

“சவாரி ஓட்டுற வண்டிக்கு வீட்டு லைன்ல சார்ஜ் போடக் கூடாதும்மா. தீப்பிடிச்சிரும். தனி மீட்டர்தான் வைக்கணும்.”

“வச்சுக் குடுங்க சார்.”

“வீட்டுக்காரர் கையெழுத்து வேணுமே.”

“ஆல்போன்ஸ் ஐயா பாரீஸ்லயே தவறிட்டாங்க. அவங்க பொண்ணு ஓரேலிக்கு தெனம் போன் போடுறேன். எடுக்கவே மாட்டேங்குறாங்க.”

சிவராமன் வயரைப் பிடுங்கி, நிதானமாகச் சுருட்டி, அவள் கையிலேயே கொடுக்கிறார். அது இன்னும் சுடுகிறது. அவர் தெருமுனை திரும்புவதற்குள் அவளுடைய போன் அடிக்கிறது. காரைக்கால்மேட்டு மீன்பிடித் துறையிலிருந்து, அவள் ஆட்டோவில் தினமும் சந்தைக்குப் போகும் மீன்காரப் பெண்.

“ஏலம் முடிஞ்சிருச்சு சுகிர்தா. கூடையோட நிக்கிறோம், எங்க இருக்க?”

“வண்டில சார்ஜ் இல்ல. வேற ஆட்டோ பாத்துக்கங்கக்கா.”

“இன்னிக்கு மட்டுந்தானே?”

சுகிர்தா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நிற்கிறாள். போனுக்குள்ளே யாரோ ஐஸ் உடைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டேயிருக்கிறது.