தூங்கவிடாத மிஸ்ஸி

அந்த மிஸ்ஸிக்கு நெஞ்சில் ஈரமே கிடையாது என்று குணசுந்தரி முடிவு கட்டிவிட்டாள்.

பின்னே என்ன? தம்பி பிள்ளைக்குக் காலையில்தான் குடலிறக்க ஆபரேஷன் முடிந்திருக்கிறது. ஏழு மாதக் குட்டி. பாவம், கொஞ்சம் கண்ணயர்ந்தால் போதும், வார்டு நர்ஸ் யோகேஸ்வரி வந்து உள்ளங்காலைச் சுண்டி எழுப்பிவிடுகிறாள். கண்ணைப் பார்க்கிறாள், உதட்டைப் பார்க்கிறாள், எழுதிக்கொண்டு போகிறாள். கால் மணிக்கு ஒரு தடவை இதே வேலை.

"ஏன் மிஸ்ஸி, தூங்குற பிள்ளைய எழுப்பி அழ வைக்கிறீங்க?"

"பாக்கணும்க்கா. தையல் போட்ட இடத்துல மரத்துப்போற மருந்து ஏத்தியிருக்கு. சின்ன உடம்பு லா, கூடிப்போனா தாங்காது. வீட்டு மருந்து எதுவும் கொடுக்காதீங்க, தடவாதீங்க."

இதை அவள் சொல்வது நாலாவது தடவை. படிக்காத ஜனம் என்று நினைத்துவிட்டாள் போலும்.

மதியம் தம்பி மனைவி வாசுகி சாப்பிடக் கிளம்பினாள்.

"அண்ணி, நீங்க இருக்கீங்க, எனக்குக் கவலையில்ல."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் குணசுந்தரி கிளவுஸ் பேக்டரியில் லீவு சொல்லிவிட்டு, பாடாங் மேஹாவிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். கல்யாணமாகிப் பதினாறு வருஷம். வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. இந்தக் குட்டியைத் தூக்கும்போதுதான் அவளுக்கு உயிரே வரும்.

வாசுகி போனதும் குட்டி வீறிட்டான். கைவிரலைக் கடித்தான். பல் முளைக்கும் வலியும் சேர்ந்துகொண்டதோ?

பையில் பல் ஜெல் இருந்தது. ஈறில் தடவினால் வீட்டில் அடங்கிவிடுவான். மிஸ்ஸி சொன்னதெல்லாம் தையலுக்கு, இது வாய்க்குத்தானே? கொஞ்சம் தடவினாள். அழுகை நிற்கவில்லை. இன்னொரு தடவை தாராளமாகவே தடவினாள்.

குட்டி அடங்கினான். குணசுந்தரிக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

யோகேஸ்வரி வந்து உள்ளங்காலைச் சுண்டினாள். பிள்ளை விழிக்கவில்லை. உதடு மட்டும் வெடுக் வெடுக்கென்று துடித்தது. குனிந்து வாயை முகர்ந்தாள். புதினா வாசம்.

"என்னக்கா தடவுனீங்க?"

"ஒண்ணும் இல்லையே."

"உயிரு போற விஷயம்க்கா. சொல்லுங்க."

குணசுந்தரி பையிலிருந்து டியூபை எடுத்து நீட்டினாள்.

"இதுலயும் அதே மாதிரி மரத்துப்போற மருந்துதான்க்கா இருக்கு," என்றபடியே யோகேஸ்வரி மணியை அழுத்தினாள்.

டாக்டர் ஓடி வந்தார். பிள்ளை முகத்தில் மாஸ்க், கையில் ஊசி. குணசுந்தரி சுவரோரம் ஒட்டிக்கொண்டு, தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டாள்.

அரை மணி கழித்துக் குட்டி வார்டே அதிர அழுதான். அதைக் கேட்டு அவளும் அழுதாள்.

திரும்பி வந்த வாசுகி பதறிப்போனாள். "என்ன மிஸ்ஸி ஆச்சு?"

"மரத்துப்போற மருந்து கூடிடுச்சும்மா. இப்ப பயமில்ல. சாயந்திரம் டாக்டர் விவரமா பேசுவார்."

"கூடிடுச்சா? என்னமோ காப்பியில சீனி கூடின மாதிரி சொல்றீங்க? எங்க அண்ணி மட்டும் பக்கத்துல இல்லன்னா என் பிள்ளை என்ன ஆயிருக்கும்?"

யோகேஸ்வரி எல்லாத் திட்டையும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள்.

புருஷனுக்குப் போன் போட வாசுகி வெளியே போனாள்.

"ஏம்மா, என் பேரைச் சொல்லியிருக்கலாமே."

"டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்க்கா, அதை மறைக்க முடியாது. வீட்டுக்காரங்ககிட்ட நீங்களே சொல்லுங்க. சாயந்திரம் வரைக்கும் நேரம் இருக்கு."

"சொன்னா பிள்ளைய இனிமே என் கையில தருவாங்களா?"

"நீங்களா சொன்னா தருவாங்க."

குணசுந்தரி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"எப்படிம்மா அவ்வளவு நிச்சயமா சொல்ற?"

யோகேஸ்வரி குட்டியின் போர்வையைச் சரிசெய்தாள்.

"என் மகனுக்கு நானும் இதேதான்க்கா தடவினேன். பயந்துபோய் வாயத் திறக்கல, வீட்டுக்காரங்களாதான் கண்டுபிடிச்சாங்க. அப்புறம் அவனைத் தனியா என்கிட்ட விட மூணு வருஷமாச்சு."