ஒன்பது ரசிகைகள்

“ராக்னா அடிவயித்துல இருந்து வரணும். பாப்னா உதட்டுல இருந்து வந்தாப் போதும். வித்தியாசம் அவ்வளவுதான்” என்று முடித்துவிட்டு, மேலேறிய கறுப்பு டி-ஷர்ட்டை இழுத்துத் தொப்பையை மூடிக்கொண்டார் அவர். எதிரே ஒன்பது ரசிகைகள். ஒருத்தியும் எழுந்து போகவில்லை. வாயில் இருந்ததை மென்றபடி பொறுமையாகக் கேட்டார்கள்.

முன்வரிசையில் இருந்த மகாராணி மட்டும் பெரிதாகத் தும்மினாள்.

“அப்பா, மாட்டுகிட்டப் போய் ஏம்ப்பா இதையெல்லாம் சொல்றீங்க?” என்றாள், கொட்டகை வாசலில் வந்து நின்ற மகள்.

“உன்கிட்ட சொன்னா நீ கேக்கறதில்லையே.”

இருபது வருடங்களுக்கு முன்பு அவர் ஒரு ராக் குழுவில் கிட்டார் வாசித்தவர். இப்போது பால் பண்ணைக்காரர். தோள்வரை தொங்கிய முடி போய்விட்டது, திமிர் மட்டும் அப்படியே இருக்கிறது. மகளுக்கோ நகரத்தில் ஒரு பாப் குழுவில் பாட இடம் கிடைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். அப்பா மனசோடு அனுப்பாமல் போக அவளுக்கு விருப்பமில்லை, அவரோ இறங்கி வருகிற ஆள் இல்லை.

“ராக் பாடப் போறேன்னு சொல்லு, நானே பெட்டி தூக்கிட்டு வரேன். பாப்பெல்லாம் ஒரு பாட்டா? பத்து பேர் ஏசி ரூம்ல உக்காந்து கம்ப்யூட்டர்ல தட்டி எடுக்கறது. இதுல அதுக்கு மரியாதை வேற வேணுமாம்.”

“பஸ்ல போற அம்பது பேரும் ஒரே வரியை முணுமுணுக்கற மாதிரி ஒரு பாட்டுப் போடுங்க பாப்போம். அது என்ன லேசுப்பட்ட வேலையா? கரடுமுரடா இருக்கறதுதான் உசத்தின்னா, நாளைல இருந்து கருங்கல்லை வறுத்துச் சாப்பிடுங்க.”

பால் கறக்க வரும் அக்காவுக்கு இந்தச் சண்டை ஓய்ந்தால்தான் வேலை ஓடும். தூணில் தொங்கும் ஃபோனைச் சத்தமாக வைத்து, தங்கையோடு பேசிக்கொண்டே கறப்பது அவள் வழக்கம். அந்த ஃபோனும் கிழடு தட்டிப்போனது, சார்ஜரிலேயே கிடந்தால்தான் வாயைத் திறக்கும்.

“ஆடற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடற மாட்டைப் பாடிக் கறக்கணும்னு சும்மாவா சொன்னாங்க” என்று பொதுவாக ஒரு வார்த்தை சொல்லிவைத்தாள் அக்கா.

அப்பாவும் மகளும் ஒரே நேரத்தில் மாடுகளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பந்தயம் அங்கேயே முடிவானது. கறக்கும் நேரத்தில் ஒரு வாரம் ராக், அடுத்த வாரம் பாப். எந்த வாரம் பால் அதிகமோ அந்தப் பாட்டுதான் உசத்தி. பாப் ஜெயித்தால் மகள் போகலாம், தோற்றால் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

ஒருவரை ஒருவர் நம்பவில்லை. மாட்டுக்குத் தவிடு, பிண்ணாக்கு என்று கூடக் கொடுத்து யாரும் கள்ள ஆட்டம் ஆடிவிடக் கூடாதே! அதனால் கறக்கும் நேரத்தில் இருவருமே கொட்டகைப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று விதி வைத்தார்கள். கொட்டகையோ நிலத்தின் கடைக்கோடியில் இருந்தது, அங்கே இடி விழுந்தாலும் வீட்டில் கேட்காது.

வீட்டிலிருந்த பெரிய ஸ்பீக்கரை அவரே மூச்சுவாங்கச் சுமந்துவந்தார். கொட்டகையில் இருந்த ஒரே பிளக்கில் செருகிக் காட்டினார்.

“நீதாம்மா நடுவர். பாரபட்சம் பாக்கக் கூடாது.”

“எனக்கு ரெண்டும் ஒண்ணுதாங்கய்யா” என்றாள் அக்கா.

ராக் வாரத்தில் தினமும் அறுபத்தெட்டு லிட்டர். அவர் மீசையைத் தடவிக்கொண்டு திரிந்தார். பாப் வாரம் பிறந்தது. எழுபத்து மூன்று, எழுபத்தாறு என்று ஏறி, கடைசி நாளில் எண்பதைத் தொட்டது.

அன்று மதியம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அவமானமாகவும் இருந்தது, மகளை நினைத்தால் பாவமாகவும் இருந்தது. சொன்ன சொல் மாறாதவர் என்பதால் எழுந்து அவள் அறைக்குப் போனார்.

“தப்பு என்மேலதாம்மா. மாட்டுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாமப் போச்சு. போய் நல்லாப் பாடு.”

மகள் சிரித்துக்கொண்டே அழுதாள். பஸ் நிலையம்வரை பெட்டியை அவரே தூக்கிப் போனார். போகிற வழியெல்லாம் அவள் பாட்டைத்தான் முணுமுணுத்தார், அதுவும் நாலு பேர் காதில் விழும்படி.

மகள் போன மறுநாளே பால் அறுபத்தேழுக்கு விழுந்தது. அடுத்த நாளும் அதே கதை. விதிதான் முடிந்துவிட்டதே என்று கறக்கும் நேரத்திலேயே கொட்டகைக்குள் நுழைந்தார். பாட்டுச் சத்தமே இல்லை. ஸ்பீக்கர் மூலையில் கிடந்தது, அதன்மேல் தவிட்டு மூட்டை உட்கார்ந்திருந்தது.

“என்னம்மா, இன்னிக்குப் பாப் போடலையா?”

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “கோவிச்சுக்காதீங்கய்யா. ஸ்பீக்கரைச் செருகினா என் ஃபோனுக்கு இடம் இல்லீங்க. ரெண்டு வாரமும் ஒரு பாட்டுகூடப் போடலை. நானும் என் தங்கச்சியும் பேசறதைத்தான் இதுங்க கேட்டுச்சுங்க.”

கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் அவர் பொத்தென்று உட்கார்ந்தார். இருபது வருட ராக்கும் போயிற்று, புதிதாக வந்த பாப்பும் போயிற்று.

“சரிம்மா. ரெண்டு வாரமும் உன் பேச்சுதான்னா, ரெண்டாவது வாரம் மட்டும் ஏன் பால் ஏறுச்சு?”

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அந்த வாரந்தாங்க எங்க மாமியார் வந்திருந்தாங்க.”