அஞ்சரை மணி வேன்

"ஒரு நிமிசம் கலைண்ணா. ஒரே ஒரு டவுட்டுதான்" என்று டீமில் இருந்த வேண்டா வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர், ஆளுக்கொரு தாளும் கையுமாக.

கலையரசனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. டீம் லீடராகி முழுசாக ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் பகல் பொழுது எந்தப் பக்கம் போகிறது என்றே தெரியவில்லை. வெளிநாட்டுப் புத்தகங்களைக் கம்ப்யூட்டரில் பக்கம் பக்கமாக அமைத்து அனுப்புவதுதான் படூரில் இருந்த அந்தக் கம்பெனியின் வேலை. படத்தை எங்கே வைப்பது, அடிக்குறிப்பை எந்தப் பக்கத்தில் போடுவது என்று நாள் முழுக்கச் சந்தேகம் வரும். வருகிற சந்தேகமெல்லாம் நேராக இவன் மேஜைக்குத்தான் வரும். எல்லோருக்கும் பதில் சொல்லி அனுப்பிவிட்டுத் தன் ரிப்போர்ட்டைத் திறந்தால் வெளியே இருட்டியிருக்கும், அஞ்சரை மணி கம்பெனி வேனும் போய்விட்டிருக்கும். அப்புறம் பஸ் மாறி மாறித் திருக்கழுக்குன்றம் போய்ச் சேருவதற்குள் மனைவி பூங்கொடி சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுத் தூங்கிப்போயிருப்பாள்.

கொடுமை என்னவென்றால், இந்தப் பதவிக்கு அவன் ஆசைப்பட்டதே அவளுக்காகத்தான். சாதாரண ஆளாக இருந்தவரை ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் நைட் ஷிப்ட். நைட் முடிந்து இவன் வீட்டுக்கு வரும் நேரத்தில் அவள் ஜவுளிக் கடை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். கல்யாணமாகி ஒரு வருஷம், இருவரும் சாவியை மாற்றிக்கொண்டதுதான் மிச்சம். லீடருக்கு என்றைக்கும் பகல் ஷிப்ட்தான். ஆனால் அதிலும் மேனேஜர் நரசிம்மன் ஒரு கொக்கி போட்டிருந்தார். மூன்று மாதம் பார்ப்பாராம். பிடித்திருந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் பழைய சீட்டு.

கலையரசனுக்குப் புரியாத விஷயம் ஒன்று இருந்தது. அவனுக்கு முன் லீடராக இருந்த ஜெயகிருஷ்ணனுக்கும் இதே டீம்தான், இதே வேலைதான். மனிதர் பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பார், நிதானமாக டீ குடிப்பார், வேனில் முதல் ஆளாக ஏறி ஜன்னல் சீட்டைப் பிடிப்பார். இப்போது அவரைப் பின்பக்க ரெக்கார்டு ரூமுக்கு மாற்றியிருந்தார்கள். ஒருநாள் டீக்கடையில் அவரைப் பிடித்துவிட்டான்.

"நீ இன்னா சார் பண்ணிகினு இருந்த? எனக்கு மூச்சு வுடக்கூட நேரமில்ல. எப்புடி யோசிச்சாலும் ஒண்ணும் வெளங்கல."

ஜெயகிருஷ்ணன் சாவகாசமாக டீயை ஆற்றினார்.

"நான் எங்கப்பா பண்ணேன்? டவுட்டுன்னு எவன் வந்தாலும் 'போய் கலையைக் கேளு'ன்னு அனுப்பிடுவேன். நீயும் சொல்லிடுவ. உனக்குன்னு ஒரு கலையைப் புடி, அவ்ளோதான்."

கோபப்படுவதா சிரிப்பதா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவர் சொன்னது உண்மைதான். அப்போதும் எல்லோரும் இவன் மேஜைக்குத்தான் வந்தார்கள். ஏதோ பழக்கத்தில் வந்து பேசுகிறார்கள் என்றுதான் இந்த மக்கு அவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தது.

மறுநாளே வேண்டாவைப் பிடித்தான். அவளுக்குச் சூட்டிகையும் இருந்தது, பொறுமையும் இருந்தது. யார் வந்தாலும் வேண்டாவைக் கேளு என்று கைகாட்டிவிட்டான். நான் இன்னாத்த சொல்லப் போறேன் என்று முதலில் முரண்டு பிடித்தவள், போகப் போகத் தேறிவிட்டாள். கூட்டம் அப்படியே அவள் பக்கம் நகர்ந்தது.

ஆகா, அதற்கப்புறம் கலையரசனுக்கு ராஜ வாழ்க்கைதான். ரிப்போர்ட் மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். வேனில் முதல் ஆள் இவன்தான். முதல் நாள் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டில் போய் நின்றவனைப் பார்த்து, வேலையை வுட்டுட்டியா என்று பயந்துபோய்க் கேட்டாள் பூங்கொடி. அப்புறம் தினமும் சேர்ந்து சாப்பிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போய்க் கடற்கரையில் வறுத்த மீன்கூடச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். ஆபீசில்தான் அவனுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. சும்மாவாவது யாரையாவது கூப்பிட்டு, டவுட்டு எதுனா இருக்குதா என்று கேட்பான். இல்லண்ணா என்று சொல்லிவிட்டு நேராக வேண்டாவிடம் போவார்கள்.

மூன்று மாதம் முடிந்த அன்று நரசிம்மன் கூப்பிட்டார். திரும்பி வரும்போது அல்வா வாங்கி வரச் சொல்லியிருந்தாள் பூங்கொடி. கலையரசன் சட்டையை நீவிக்கொண்டு உள்ளே போனான்.

ரிப்போர்ட் எல்லாம் சரியான நேரத்துக்கு வருகிறது, டீமில் ஒரு தப்பும் இல்லை, நேரத்தை இத்தனை அழகாகக் கையாள்கிற ஆளை இந்தக் கம்பெனியிலேயே பார்த்ததில்லை என்று அவர் மனசாரப் பாராட்டினார். கலையரசனுக்குக் காது வரை சிரிப்பு வந்தது.

"நாளையிலேர்ந்து வேண்டாதான் டீம் லீடர். நீ பழைய சீட்டுக்குப் போயிடுப்பா. அடுத்த வாரம் உனக்கு நைட் ஷிப்ட்."

அவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "நான் இன்னா சார் தப்பு பண்ணேன்?" என்று கேட்டான்.

நரசிம்மன் தன் அறையின் கண்ணாடிச் சுவர் வழியே ஹாலைக் காட்டினார்.

"நான் ரிப்போர்ட்டைப் பாத்து லீடர் போடறதே இல்லப்பா, யார் மேஜையைச் சுத்திக் கூட்டம் நிக்குதுன்னுதான் பாப்பேன். ஜெயகிருஷ்ணனைத் தூக்கிட்டு உன்னைப் போட்டதும் அப்படித்தான்."