ஜீரோ பட்டன்

சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோதுதான் தனிஸ்லாஸுக்கு உறைத்தது. காலையில் நீராவிக் கலனில் மாட்டிய புது பிரஷர் டிரான்ஸ்மிட்டர், உள்ளே இருக்கும் அழுத்தத்தைக் காட்டும் கருவி, நாலு கிலோ காட்டியது. உள்ளே ஆவி நிற்கிறதா என்று வால்வைத் திறந்துவிட்டுப் பார்க்காமல், புதுசு அப்படித்தான் காட்டும் என்று அப்போதிருக்கும் அழுத்தத்தையே ஜீரோவாகக் காட்டவைக்கும் ஜீரோ பட்டனை அழுத்திவிட்டிருந்தான்.

"ஏழுமலையண்ணன் எங்க?"

"கலன் மூடியக் கழட்டுறாரு," என்றான் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன். "ஜீரோன்னு பாத்துட்டுத்தான் போனாரு."

தனிஸ்லாஸ் ஓடினான். மேடைமேல் ஏழுமலை பாதி போல்ட்டுகளைக் கழற்றியிருந்தார்.

"அண்ணே, கைய எடுங்க! உள்ள பிரஷர் நிக்குது!"

பம்புகளின் இரைச்சலில் இவன் வாயசைவு மட்டுமே அவருக்குத் தெரிந்தது. சிரித்தார். டிரான்ஸ்மிட்டரைச் சுட்டி, கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் சேர்த்து வட்டம் போட்டுக் காட்டினார். பிறகு அடுத்த போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினார்.