பெட்டி முதலில் கிளம்பியது

தேதியை இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்ற மலேசியா டிக்கெட்டை, பஞ்சாங்கம் பார்த்து அப்பா மூன்று முறை மாற்றிவிட்டார். இன்றோடு அதன் கெடு முடிகிறது; விட்டால் டிக்கெட் செல்லாது. கிளம்பும் நேரமோ ராகு காலம். அதனால் நல்ல நேரத்திலேயே பெட்டியை எதிர்வீட்டுச் சந்திரமதியிடம் கொண்டுபோய்க் கொடுத்து வைத்தார். பெட்டி படி தாண்டினால் நாங்களே கிளம்பியதாக அர்த்தம். டாக்சி வந்தபோது எதிர்வீடு பூட்டிக் கிடந்தது.

“சந்திரமதி, எங்கடி இருக்க?” என்று அம்மா போனில் அலறினாள்.

“கோயில்லக்கா. நீங்க பத்திரமா போய்ச் சேரணும்னு அர்ச்சனைக்கு வரிசையில நிக்கிறேன்.”

“பாஸ்போர்ட் பெட்டிக்குள்ள இருக்குடி!”

“அப்பாடா, மறக்காம வச்சுட்டீங்களா?”

அம்மா தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்குள் போகத் திரும்பினாள்.

“கிளம்பினவங்க உள்ள போகக்கூடாது” என்று அப்பா தடுத்து, எங்களை டாக்சியில் ஏற்றி, சீட் பெல்ட்டும் போடவைத்தார்.

“எடுக்கவா சார்?” என்றார் டிரைவர்.