கிராம்பு மூட்டை

தீவிரவாதிகளின் குண்டு வெடித்தால், அது எந்தெந்தக் கை மாறி வந்தது என்பது ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். செத்தவர்களின் வீட்டார் அந்தக் கைகளுக்குரிய ஒவ்வொருவரையும் ஒருமுறை போனில் கேட்கலாம் என்பது சட்டம். அழைக்கப்பட்டவர் துண்டிக்க முடியாது.

கடத்தல்காரர்களுக்குப் படகோட்டிய சூசைக்கு அது பதினேழாவது அழைப்பு.

"கிராம்புன்னுதான் சொன்னாங்க, அண்ணாச்சி. வேறெதுவும் தெரியாது."

"நான் மதுரை மார்க்கெட்டுல மூட்டை தூக்குறவன்பா. பஸ்ல செத்தது எம்மக. கிராம்பு மூட்டை எம்புட்டு கனக்கும்னு எனக்குத் தெரியும். நீ ஒத்தையா தூக்குனியா?"

சூசை குரலைத் தாழ்த்தினான்.

"நாலு பேரு."

பக்கத்தில் போனைப் பிடித்தபடி ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மனைவி பிலோமினா நிமிர்ந்தாள்.

"பதினாறு பேர்கிட்ட உங்களுக்காக மாதா மேல சத்தியம் பண்ணுனேனே."

அடுத்த அழைப்பு வந்தது. போனை அவன் மடியில் வைத்துவிட்டு, பிள்ளைகளின் துணிகளைப் பையில் அடுக்கத் தொடங்கினாள்.