களிம்பு போன காசுகள்

கண் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய பெரியவர், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியதும் முதலில் கேட்டது தன் காசுப் பெட்டியைத்தான்.

மாப்பிள்ளையே எடுத்து வந்து கட்டிலில் வைத்தான். வைத்த கையோடு ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டான்.

மூடி திறந்தது. வெல்வெட் குழிகளில் கிடந்த பழைய வெண்கலக் காசுகள் அத்தனையும் பளிச்சென்று பல்லிளித்தன.

பெரியவர் ஒன்றை எடுத்தார். திருப்பினார். மூக்கருகே கொண்டுபோனார்.

"எலுமிச்சையா?"

"எலுமிச்சையும் உப்பும், மாமா. கொஞ்சம் வினிகர். போகாத இடத்துல பேஸ்ட் வெச்சு பழைய பிரஷ்ஷால தேய்ச்சேன். ஒரே களிம்பா இருந்துச்சு, நீங்க வர்றதுக்குள்ள..."



வாலிப வயதிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தவை. அந்தப் பச்சைக் களிம்பு, காசு மண்ணுக்குள் கிடந்த காலமெல்லாம் அதன் மேல் தோலாகப் படிந்தது. அதைப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்தவர்கள் காசின் வயதை நம்புவார்கள். இப்போது எல்லாம் தோல் உரிந்து, எழுத்து மழுங்கி, சட்டைப் பொத்தான் மாதிரி இருந்தன.

மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. "உங்கள யாருங்க கேட்டா? போன்ல எவனோ சொன்னான்னு, அப்பா உசிரா வெச்சிருந்ததப் போயி..."

பெரியவர் கையமர்த்தினார்.

"விடும்மா. எனக்கு நல்லது பண்றதா நெனச்சுத்தானே தேய்ச்சிருக்காரு. அவர் விரலப் பாரு, எப்படிப் புண்ணாகிக் கெடக்கு."

அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

பெரியவர் காசுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். நடு வரிசையில் விரல் நின்றது. அந்த ஒன்றை மட்டும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். புதுக் கண்ணால் வெகுநேரம் பார்த்தார்.

பிறகு அவன் கையைத் தேடிப் பிடித்து, உள்ளங்கையில் காசை வைத்து, விரல்களை அவரே மடக்கிவிட்டார்.

"இது ஒண்ணுலதான் எழுத்து கொஞ்சமும் தேயல, மாப்பிள்ளை. இது உங்ககிட்டயே இருக்கட்டும்."

குரலில் கோபம் இல்லை. முகத்தில் என்ன இருந்தது என்று நிமிர்ந்து பார்க்க அவனுக்குத் துணிவில்லை.

அந்தக் குழியில் முன்பு இருந்த காசை, அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவன் ஆபீசுக்கு எடுத்துப் போயிருந்தான். எங்க பரம்பரைச் சொத்து என்று நாலு பேரிடம் பீற்றிக்கொள்ளத்தான். கைமாறிக் கைமாறி அது எங்கேயோ தொலைந்துபோனது. அதற்குப் பதிலாகக் கடையில் வாங்கி வைத்த போலி, பச்சைக் காசுகளுக்கு நடுவே பளபளவென்று காட்டிக்கொடுத்தது.

போலியைப் பழசாக்கும் வழி அவனுக்குத் தெரியவில்லை.

அதனால்தான் மற்றதையெல்லாம் தேய்த்தான். பாழாகிவிடும் என்று தெரிந்தேதான்.